லூயிஸ் என்ரிக்கேயின் எட்டு மாதங்கள்: துயரத்துக்கு விடுமுறை தருவது யார்?

2025 மே 31ஆம் திகதி ஜேர்மனியின் மியூனிச் நகரில் நடந்த ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் பரிஸ் சென் ஜேர்மன் கழகம் இன்ரர் மிலான் கழகத்தை 5–0 என்ற கணக்கில் வென்றது. அந்தக் கழகம் இந்தக் கிண்ணத்தைக் கைப்பற்றியது அதுவே முதல் தடவை. ஆனால் அடுத்த நாள் என் முகநூல் பக்கம் முழுவதும் வந்துகொண்டிருந்தது கோல்களின் காணொளி அல்ல. பரிஸ் ரசிகர்கள் மைதானத்தில் விரித்த பெரிய பதாகையின் படம்தான். ஒரு தகப்பனும் அவரது சின்ன மகளும் கழகக் கொடியை ஊன்றும் காட்சி அதில் வரையப்பட்டிருந்தது. அந்தத் தகப்பன் பரிஸ் அணியின் பயிற்றுநர் லூயிஸ் என்ரிக்கே. மகள் ஸானா 2019இல் புற்றுநோயால் இறந்தவள்.

2015 ஜூன் மாதம், பேர்லினில் யுவென்ரஸ் அணியை வென்று பார்சிலோனா இதே கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, அப்போது பார்சிலோனாவின் பயிற்றுநராக இருந்த என்ரிக்கேயும் ஐந்து வயது ஸானாவும் மைதானத்தில் கொடி ஊன்றி விளையாடினார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பின் ரசிகர்கள் நினைவுபடுத்தியது அந்தக் காட்சியைத்தான்.

பரிஸிலும் இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து எங்கள் ஆட்கள் அந்தப் படத்தைப் பகிர்ந்ததில் வியப்பில்லை. பிள்ளையை இழந்த தகப்பனை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் படத்தோடு சேர்த்து எழுதப்பட்ட வாசகங்கள் என்னை யோசிக்க வைத்தன. ‘துயரத்தை வென்ற மனிதர்’, ‘வலியை வெற்றியாக்கியவர்’ என்ற வகையான வாசகங்கள் அவை. அழிவும் வெற்றியும் அவற்றில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் அந்த மனிதர் வேலையை என்ன செய்தார் என்பது இல்லை. நான் எழுத விரும்புவது அந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றி.

போனதும் வந்ததும்

2018 ஜூலை மாதம் ஸ்பெயின் தேசிய அணியின் பயிற்றுநராக என்ரிக்கே நியமிக்கப்பட்டார். 2019 மார்ச் 26ஆம் திகதி மோல்டாவுடனான யூரோ தகுதிகாண் போட்டிக்கு முன் அவர் அணியை விட்டு அவசரமாக வீடு திரும்பினார். தவிர்க்க முடியாத குடும்பக் காரணம் என்று மட்டுமே சொல்லப்பட்டது. உதவிப் பயிற்றுநர் ரொபேர்ட் மொரேனோ அன்று அணியை வழிநடத்தினார். ஜூன் மாதப் போட்டிகளையும் அவரே கவனித்தார்.

ஜூன் 19ஆம் திகதி என்ரிக்கே பதவி விலகினார். மொரேனோ பயிற்றுநரானார். ஓகஸ்ட் 29ஆம் திகதி ஸானா இறந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. எலும்புப் புற்றுநோயோடு ஐந்து மாதங்கள் போராடினாள் என்று தகப்பன் வெளியிட்ட அறிவித்தலில் இருந்துதான் பொதுமக்களுக்கு முழு விபரமும் தெரியவந்தது. நவம்பர் 19ஆம் திகதி அவர் மீண்டும் தேசிய அணிப் பயிற்றுநராக அறிவிக்கப்பட்டார்.

மார்ச் இறுதியில் இருந்து நவம்பர் வரை ஏறத்தாழ எட்டு மாதங்கள். அவர் துயரத்தை வெல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையின் கட்டிலருகே இருந்தார். பிறகு, திரும்பி வர ஓர் இடம் இருந்ததால் திரும்பி வந்தார். முடிவு அவருடையதுதான். ஆனால் அந்த முடிவை எடுக்கக்கூடிய நிலையை வேறு சிலர் அவருக்கு உருவாக்கிக் கொடுத்திருந்தார்கள்.

மௌனம் காத்த ஊடகங்கள்

அவர்களில் முதலாவது ஊடகங்கள். ஸ்பெயினில் விளையாட்டுக்கென்றே நாளிதழ்கள் உண்டு. தேசிய அணியின் பயிற்றுநர் ஏன் வரவில்லை என்பது அங்கே முதற்பக்கச் செய்தி. ஆனாலும் முக்கிய ஊடகங்கள் மகளின் நோயை வெளியிடவில்லை. வைத்தியசாலை வாசலில் இருந்து நேரலை செய்யவில்லை. சம்மேளனமும் காரணத்தைச் சொல்லவில்லை.

ஊடகக் கற்கை வகுப்புகளில் தனியுரிமை பற்றிப் படித்ததைவிட, அதன் பிறகு களத்தில் பார்த்தவற்றில் இருந்துதான் இதன் பெறுமதி எனக்கு விளங்கியது. மே 18 நினைவேந்தலில் ஒரு தாய் மண்ணில் விழுந்து அழும்போது அவரைச் சுற்றி எத்தனை கமெராக்கள் நிற்கின்றன என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அழுகையை உலகம் பார்க்கவேண்டும் என்ற நியாயம் எங்களிடம் இருக்கிறது. அது பொய்யான நியாயமும் அல்ல. ஆனால் அழுபவரிடம் நாங்கள் அனுமதி கேட்பதில்லை. எதை, எப்போது, யாருக்குச் சொல்வது என்பதை ஸானாவின் குடும்பமே தீர்மானித்தது. அந்த உரிமை எங்கள் தாய்மாருக்கும் இருக்கிறது என்று எங்கள் செய்தி அறைகள் நினைப்பது குறைவு.

கதிரையைக் காத்தவரின் கதை

இரண்டாவது, திறந்து வைக்கப்பட்ட கதவு. என்ரிக்கே விரும்பினால் திரும்பி வரலாம் என்ற நிலைப்பாட்டில் சம்மேளனத் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ் இருந்தார். அவர் வந்தால் தான் மகிழ்ச்சியோடு விலகிக்கொள்வதாக மொரேனோவும் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் நடந்தது அவ்வளவு அழகாக இல்லை. மொரேனோவின் பொறுப்பில் ஸ்பெயின் ஒன்பது போட்டிகளில் ஒன்றிலும் தோற்கவில்லை. ஏழு வெற்றி, இரண்டு சமநிலை. யூரோவுக்கும் தகுதி பெற்றது. நவம்பர் 18ஆம் திகதி ருமேனியாவை 5–0 என வென்ற இரவில், ஊடகவியலாளர் சந்திப்புக்கு வராமல் கண்ணீரோடு வெளியேறினார் மொரேனோ. சில நாட்களில் என்ரிக்கே, மொரேனோ தனக்கு விசுவாசமாக நடக்கவில்லை என்று பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். மகள் இறந்து இரண்டு கிழமைகளில் நடந்த சந்திப்பில், யூரோ வரை தானே பயிற்றுநராக இருக்க விரும்புவதாக மொரேனோ சொன்னார் என்பது அவரது குற்றச்சாட்டு. மொரேனோ அதை மறுத்தார். நெடுங்காலம் ஒன்றாக வேலை செய்த இருவரின் நட்பு அத்தோடு முறிந்தது.

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒருவர் பிள்ளையை இழந்தவர். மற்றவர் வாழ்நாளில் ஒரு தடவை மட்டும் கிடைக்கக்கூடிய வாய்ப்பில் நன்றாக வேலை செய்தவர். இரண்டு பேருக்கும் நியாயம் உண்டு. தவறு நிறுவனத்தினுடையது என்றே எனக்குப் படுகிறது. ஒருவர் குடும்பத்துக்காக விலகும்போது அந்த இடத்துக்கு வருபவர் தற்காலிகமானவரா, நிரந்தரமானவரா, எந்தத் திகதி வரை என்பதை எழுத்தில் தெளிவாக வைத்திருந்தால், மரண வீட்டின் ஈரம் காயும் முன்னர் இரண்டு நண்பர்கள் ஒரு கதிரையைப் பற்றிப் பேசவேண்டி வந்திருக்காது. விதி இல்லாத இடத்தில் நல்ல மனதை மட்டும் நம்பினால், அந்த மனங்கள்தான் முதலில் உடைகின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கதவைத் திறந்து வைத்த அதே ரூபியாலெஸ்தான் 2023இல், மகளிர் உலகக்கிண்ண இறுதிப்போட்டிக்குப் பின் ஒரு வீராங்கனையை அவரது சம்மதமின்றி முத்தமிட்ட விவகாரத்தில் பதவி விலகினார். 2025இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. ஒரு தலைவர் ஒருவருக்குக் காட்டும் இரக்கம் இன்னொருவருக்குக் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால்தான் இரக்கத்தை உரிமையாக எழுதி வைக்கவேண்டியிருக்கிறது.

வேறு மூன்று பேர்

என்ரிக்கே தனியானவர் அல்லர். 2004இல் இத்தாலியின் ரோமா கழகத்தின் பயிற்றுநராக நியமிக்கப்பட்ட செசாரே பிராண்டெல்லி, பருவம் தொடங்கும் முன்னரே விலகினார். மனைவிக்குப் புற்றுநோய். அடுத்த ஆண்டு பியோரென்ரினா கழகம் அவரை எடுத்தது. 2007 நவம்பரில் மனைவி காலமானார். 2012 யூரோ இறுதிப்போட்டி வரை இத்தாலி தேசிய அணியைக் கொண்டுசென்றவர் அவர்தான். ஸ்கொட்லாந்தின் செல்ரிக் கழகத்துக்கு மூன்று லீக் பட்டங்களை வென்று கொடுத்த மார்ட்டின் ஓ நீல், மனைவியின் நோய் காரணமாக 2005 மே மாதம் விலகினார். 2006 ஓகஸ்டில் அஸ்ரன் வில்லாவின் பயிற்றுநராகத் திரும்பினார்.

விலகாமல் நின்றவரும் உண்டு. 2021 ஜனவரியில் லிவர்பூல் பயிற்றுநர் யேர்கன் குளொப்பின் தாய் காலமானார். கொரோனாப் பயணக் கட்டுப்பாடுகளால் இறுதிச் சடங்குக்கு அவரால் ஜேர்மனி போகமுடியவில்லை. அதே மாதங்களில் அவரது அணி சொந்த மைதானத்தில் தொடர்ச்சியாக ஆறு லீக் போட்டிகளில் தோற்றது. தனக்கு ஓய்வு தேவையில்லை என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தார். பருவ முடிவில் லிவர்பூல் மூன்றாமிடம் பெற்றது. தாயின் கடைசி முகத்தைப் பார்க்கமுடியாமல் வேலைக்குப் போவது என்றால் என்ன என்று ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் வதிவிட அனுமதி இல்லாமல் இருந்த எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். கைத்தொலைபேசித் திரையில் கொள்ளி வைப்பதைப் பார்த்துவிட்டு இரவு வேலைக்குப் போனவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

நால்வருக்கும் பொதுவான ஒன்று, இவர்களிடம் பணம் இருந்தது என்பது. ஒரு வருடம் சம்பளம் இல்லாவிட்டாலும் அடுப்பு எரியும். திரும்பி வந்தால் வேலை கொடுக்க ஆள் இருக்கும். குடும்பமா வேலையா என்பது அவர்களுக்கு மனச்சாட்சிக் கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு அது அரிசிக் கணக்கு.

எங்கள் பக்கம்

இலங்கையில் தனியார் துறை ஊழியர்களில் பெரும் பகுதியினருக்குப் பொருந்தும் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையையும் 7 நாள் அமைய விடுமுறையையும் தருகிறது. மரணத்துக்கென்று தனியான விடுமுறை அதில் இல்லை. எங்கள் வழக்கத்தில் எட்டுச் செலவு எட்டாம் நாள், அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். அமைய விடுமுறை முழுவதையும் எடுத்தாலும் எட்டுச் செலவு வரை வராது. பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால் வன்னியில் இருந்து மகரகமைக்கு மாதக்கணக்காக அலையவேண்டிய தகப்பனுக்கு இந்த 21 நாட்கள் எந்த மூலைக்கு? நாட்கூலிக்கும் தோட்ட வேலைக்கும் கடற்றொழிலுக்கும் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. போகாத நாள் சம்பளமில்லாத நாள். நுண்கடனின் கிழமைக் கட்டுப்பணம் மரண வீட்டைப் பார்த்து நிற்பதில்லை.

2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தவர்களுக்கு யாரும் எட்டு மாதம் கொடுக்கவில்லை. முள்வேலி முகாமில் இருந்து வந்த ஆசிரியர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த கையோடு, பிள்ளைகளை இழந்த வகுப்பறைகளுக்குத் திரும்பினார்கள். கணவனை இழந்த பெண்கள் கொட்டில் போட்ட கிழமையே கூலிக்குப் போனார்கள். அதை நாங்கள் மீண்டெழுதல் என்று பாராட்டினோம். பலருக்கு அது மீண்டெழுதல் அல்ல, வேறு வழியின்மை. துக்கம் கொண்டாட நேரம் கிடைக்காத ஒரு தலைமுறையின் நித்திரையின்மையும் கோபமும் குடியும் இன்று எங்கள் வீடுகளுக்குள்தான் இருக்கின்றன.

தன் வாழ்க்கை பற்றிய ஆவணப்படத்தில் என்ரிக்கே ஒரு விடயம் சொல்கிறார். அவரது தாய் வீட்டில் ஸானாவின் படம் ஒன்றும் இருக்கவில்லை. தாயால் தாங்கமுடியவில்லை. படத்தை வையுங்கள், ஸானா எங்களோடுதான் இருக்கிறாள் என்று மகன்தான் தாயிடம் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகள். அங்கே படம் இருக்கும். ஆனால் மாலை போடமாட்டார்கள், விளக்கு வைக்கமாட்டார்கள். வைத்தால் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாகிவிடும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரில் பலர், பதில் கிடைக்காமலே இறந்துபோனார்கள். ஸானாவின் தகப்பனுக்கு ஓகஸ்ட் 29 என்று ஒரு திகதி இருக்கிறது. அந்தத் திகதியில் இருந்து அவரால் கணக்கு வைத்து வேலைக்குத் திரும்ப முடிந்தது. திகதியே இல்லாத துயரத்துக்கு எந்த நிறுவனமும் விடுமுறைப் படிவம் வைத்திருக்கவில்லை.

அதனால் அந்தப் பதாகையைப் பகிர்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அவருக்குக் கிடைத்ததை எங்கள் ஆட்களுக்கும் கேட்போம். மரணத்துக்கும் கடும் நோய்க்கும் சம்பளத்தோடு தனி விடுமுறை வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்களும் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கோரிக்கையாக வைக்கலாம். அதற்குச் சர்வதேச விசாரணை தேவையில்லை, ஒரு சட்டத் திருத்தம் போதும். நாவாந்துறையிலும் பாசையூரிலும் மன்னாரிலும் பகலில் வேறு தொழில் செய்துவிட்டுப் பின்னேரம் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் ஒருவர், வீட்டு நிலைமையால் ஒரு பருவம் வராவிட்டால், அவர் ‘கழகத்தைக் கைவிட்டுவிட்டார்’ என்று பேசாமல், வேறொருவரை இன்ன திகதி வரை என்று சொல்லி நிறுத்திவிட்டு அவருக்கு இடம் வைத்திருக்கலாம். ஊடகத்தில் இருக்கும் நாங்கள் கமெராவைத் தூக்கும் முன் ஒரு வார்த்தை கேட்கலாம்.

வேலையை விட்டுப் போனதால் என்ரிக்கே நல்ல தகப்பனானார் என்றோ, போகமுடியாதவர்கள் பிள்ளைகளில் பாசம் குறைந்தவர்கள் என்றோ யாரும் நினைக்கக்கூடாது. போகமுடியாதவர்களும் அதே பாசத்தோடுதான் அடுத்த நாள் காலை பஸ் ஏறினார்கள்.