மோட்டருக்கு சொஃப்ட் ஸ்டாட்டர் வாங்க முதல்



"மோட்டரைப் போட்டா பல்ப் மங்குது, பில்லும் கூடுது. சொஃப்ட் ஸ்டாட்டர் பூட்டுவமா சேர்?" நாவற்குடா மணல் நிலம். வீட்டுக்கு வீடு கிணறு, கிணற்றுக்கு ஒரு மோட்டர். அதனால் இந்தக் கேள்வி எங்களுக்கு அடிக்கடி வரும். எங்கள் பதில்: அவசரப்படாதீர்கள்.

முதலில் பில். 1 எச்.பி. மோட்டர் ஓடும்போது சுமார் 6 அம்பியர் எடுக்கும். தொடங்கும்போது 30 என்று வையுங்கள். ஆனால் அது ஒரு செக்கன்தான். 230 வோல்டில் கணக்குப் பார்த்தால், 500 தடவைக்கு மேல் தொடங்கினால்தான் ஒரு யூனிட் வரும். பில்லைக் குறைக்கும் என்று சொல்லி விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

பல்ப் மங்குவது உண்மைதான். ஆனால் சிங்கிள் பேஸ் மோட்டர் தானாகத் தொடங்காது. கெப்பாசிட்டரோடு ஒரு தொடக்கச் சுருள் அதைத் தள்ளிவிட வேண்டும். பல மோட்டர்களில், முக்கால்வாசி வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் சுவிட்ச் அந்தச் சுருளை வெட்டிவிடும். அந்த "டிக்" சத்தம் எல்லோருக்கும் பழக்கம். வோல்டைப் பாதியாக்கினால் திருப்பும் விசை கால்வாசியாகிவிடும். வேகம் ஏறாது, சுவிட்ச் வெட்டாது, சில செக்கனுக்கென்று சுற்றிய சுருள் கருகிவிடும்.

இதை நாங்கள் படிப்பிக்கிறோம். படிப்பித்தும், போன நோன்பில் ஒரு பள்ளிவாசலில் அப்படியொரு பெட்டி பூட்டக் கேட்டபோது தலையாட்டிவிட்டோம். மூன்றாம் நாள் மஃரிபுக்குச் சற்று முன் கெப்பாசிட்டர் வெடித்தது. ஹவ்ழில் தண்ணீர் இல்லை, ஜமாஅத் முழுக்க வாளியோடு அயல் கிணறுகளில் நின்றது.

பிறகுதான் வயரைப் பார்த்தோம். 40 மீற்றர் தூரத்துக்கு 1 சதுர மில்லிமீற்றர் வயர்! 30 அம்பியர் இழுக்கும்போது அதிலேயே 40 வோல்ட் போய்விடும். மிச்சமிருக்கும் 190இல் தொடக்க விசை மூன்றில் இரண்டு பங்குதான். மோட்டர் முக்கி முக்கி எழும்பும், பல்ப் அவ்வளவு நேரமும் மங்கி நிற்கும். 2.5 வயர் இழுத்து, புதுக் கெப்பாசிட்டர் போட்டதும் மோட்டர் உடனே எழும்பியது.

சொஃப்ட் ஸ்டாட்டரே கூடாது என்று சொல்லவில்லை. "டிக்" சுவிட்ச் இல்லாத, கெப்பாசிட்டர் எப்போதும் இணைந்தே ஓடும் தண்ணீர் பம்புக்கு, அதற்கென்றே செய்த கருவி சரிவரும். பம்புக்குத் தொடக்கத்தில் சுமை குறைவு. மா அரைக்கும் மெசினுக்கும் எயார் கொம்பிரசருக்கும் வேண்டாம். அவற்றுக்கு மெதுவான தொடக்கம் கட்டாயம் தேவையென்றால், மூன்று பேஸ் மோட்டரும், சிங்கிள் பேஸில் இயங்கும் இன்வேட்டர் டிரைவும் வாங்குங்கள். செலவு கூடத்தான்.

பள்ளிவாசலில் கழற்றிய அந்தப் பெட்டி இப்போது எங்கள் விஞ்ஞானகூட அலுமாரியில் இருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஃபேன் ரெகுலேட்டரில் இருப்பதற்கு மேல் ஒன்றுமில்லை. வாங்க நினைப்பவர்கள் பாடசாலை விட்ட பிறகு வந்து பார்க்கலாம்.