ஓசியில் குழலோசை தேடுபவர்களுக்கு

"சார், எங்க செக்கு எண்ணெய் விளம்பரத்துக்குக் கிராமத்து இசை வேணும். காப்புரிமைப் பிரச்சினை வராம, இலவசமா எங்க கிடைக்கும்?"

சொந்தத் தொழில் தொடங்கிய என் பழைய மாணவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழ் வாத்தியார் வேலை. காப்புரிமை கண்டுபிடிப்புக்கு உரியது. பாட்டுக்கும் புத்தகத்துக்கும் உரியது பதிப்புரிமை.

அடுத்து வழக்கமான வாதம்: "நாட்டுப்புறப் பாட்டுக்கு ஏது சார் ஓனர்?" இது பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரு பாட்டில் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, சொல்லும் மெட்டும். இந்தியாவில் எழுதியவர், மெட்டமைத்தவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு. தலைமுறை தலைமுறையாக வரும் தாலாட்டுக்கும் ஏற்றப்பாட்டுக்கும் இந்தக் கணக்கு இல்லை, அவை பொது. இரண்டு, ஒலிப்பதிவு. அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1960-ல் வந்த இசைத்தட்டு 2020 முடியும்வரை பொது ஆகவில்லை. மூன்று, பாடியவர், வாசித்தவர் உரிமை. அது 50 ஆண்டு.

ஆகவே நடவுப்பாட்டு பொது; போன வருடம் ஒருவர் ஸ்டுடியோவில் பதிவு செய்த நடவுப்பாட்டு பொது அல்ல. பாரதியார் பாட்டின் சொற்கள் பொது. சினிமாவில் அதற்கு வந்த மெட்டுக்கும் பதிவுக்கும் தனிக் கணக்கு. வெளிநாட்டு இசைக்கும் இதுதான். 1808-ல் அரங்கேறிய பீத்தோவனின் 'பாஸ்டோரல்' சிம்பொனி யாருடைய சொத்தும் இல்லை. அதை அண்மையில் ஓர் இசைக்குழு வாசித்த பதிவு அந்தப் பதிவுக்காரருடையது.

"இலவச இசைத் தளங்கள் இருக்கே சார்?" இருக்கின்றன. யூடியூப் ஆடியோ லைப்ரரி இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏராளம் இருக்கிறது. ஆனால் உரிமத்தின் பெயரைப் படியுங்கள். 'என்.சி.' என்றிருந்தால் வியாபாரத்துக்குக் கூடாது. 'என்.டி.' என்றிருந்தால் மாற்றக் கூடாது. படத்தோடு இசையைச் சேர்ப்பதே மாற்றம்தான் என்கிறது அந்த உரிமம். 'பி.ஒய்.' மட்டும் இருந்தால் இசைத்தவர் பெயரைப் போட்டுப் பயன்படுத்தலாம். நிபந்தனைப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். நாளைக்கு யாராவது உரிமை கோரினால் அதுதான் உங்கள் சாட்சி.

சட்டம் இவ்வளவுதான். இனி என் ஆதங்கம்.

கேமராவுக்கு வாடகை கொடுக்கிறீர்கள். ட்ரோனுக்குக் கொடுக்கிறீர்கள். எடிட் செய்யும் தம்பிக்கு, மாடு பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு, மதியச் சாப்பாட்டுக்கு எல்லாம் பட்ஜெட் இருக்கிறது. குழலுக்கு மட்டும் ஓசி. 'பாரம்பரியம்' என்று பாட்டிலில் அச்சடித்துக் கூடுதல் விலைக்கு விற்கிறோம். அந்தப் பாரம்பரியத்தை இன்னும் மூச்சுப் பிடித்து ஊதுகிறவருக்கு ஐந்து பைசா இல்லை. இதைச் சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியாது.

இதைவிட மோசம், திருவிழாவில் வாசிப்பவரைப் போனில் பிடித்து விளம்பரத்தில் ஒட்டுவது. "ஊர்ப் பொது இசைதானே" என்கிறார்கள். இசை பொது, அவர் மூச்சு பொது அல்ல. அவர் அனுமதியின்றிப் பதிவு செய்து விற்பது சட்டப்படியும் தவறு.

முல்லை நிலத்து இசை நமக்குப் புதிதா? சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றை, ஆம்பல், முல்லை என்று குழலையே பெயர் சொல்லிப் பிரித்திருக்கிறார் இளங்கோ. அந்த மண்ணில் இருந்துகொண்டு, எங்கோ கணினியில் செய்த 'வில்லேஜ் புளூட்' துண்டைத் தேடுகிறோம். அதே துண்டு பக்கத்துக் கடை நெய் விளம்பரத்திலும் ஓடும்.

செய்ய வேண்டியது எளிது. உங்கள் வட்டாரத்தில் குழலோ நாதசுரமோ தவிலோ பறையோ வாசிப்பவரைத் தேடிப் போங்கள். பழைய மெட்டு ஒன்றை அரை நாள் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கூலியை அவர் சொல்லட்டும், பேரம் பேசாதீர்கள். ஒரே பக்கத்தில் எழுத்து ஒப்பந்தம்: எந்த விளம்பரம், எத்தனை வருடம், எந்த நாடுகள், எவ்வளவு பணம். பதிப்புரிமையை எழுதி வாங்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். திரையில் அவர் பெயரையும் போடுங்கள்.

பதிவுக்கு ஏற்பாடு செய்தவர் நீங்கள் என்பதால் ஒலிப்பதிவும் உங்களுடையது. இதைவிடப் பாதுகாப்பான இசை எந்தத் தளத்திலும் கிடைக்காது.

இப்படி விளம்பரத்துக்கு வாசிக்கத் தயாராக உள்ள கலைஞர்களைத் தெரிந்தவர்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு, ஊரையும் கருவியையும் கீழே எழுதுங்கள். தேவைப்படுவோரை நான் சேர்த்து வைக்கிறேன்.