தாயைப் பிரிந்த குட்டிகள்

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு இரயிலில் பிரயாணம் செய்வோர், இராயக்கோட்டையைக் கடந்ததும் மாரண்டஹள்ளி நிலையத்தைக் காண்பர். தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த ஊர். தக்காளியும் மாவும் விளையும் பூமி. சற்றுத் தொலைவில் பஞ்சப்பள்ளி அணை. அதற்கும் அப்பால் குன்றுகளும் காடும். இவ்வூரை அடுத்த காளிகவுண்டன்கொட்டாயில், 2023ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் பொழுது விடிந்தபோது மக்கள் கண்ட காட்சியை அவ்வளவு எளிதில் மறந்துவிட முடியாது. விளைநிலத்தைச் சுற்றி முறைகேடாக மின்சாரம் பாய்ச்சப்பட்டிருந்த கம்பியை மிதித்து மூன்று யானைகள் மாண்டு கிடந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் எப்படியோ உயிர் பிழைத்திருந்தன. அவை ஓடிவிடவில்லை. பிரேதங்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அருகில் ஆட்கள் கூடியும் விலகிச் செல்ல மனமின்றி நின்றன.

நிலத்துக்குரியவர் கைது செய்யப்பட்டார். அது சட்டம் செய்ய வேண்டிய காரியம். ஆயினும், கடன் வாங்கிப் பயிரிட்ட ஒரு பருவத்து வெள்ளாமை ஒரே இரவில் துவம்சமாவதைக் கண்ட விவசாயியின் வேதனையை, கடையில் தக்காளி வாங்குகிற நாம் முழுதாக அறிந்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. அந்த வேதனையை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

யானைக்குக் குடும்பமே வாழ்வு. 22 மாதம் வயிற்றில் சுமந்து ஈன்ற குட்டியைத் தாய் ஒருத்தி மட்டும் வளர்ப்பதில்லை. சிற்றன்னையரும் தமக்கையரும் சேர்ந்தே வளர்க்கின்றனர். மூத்த பெண் யானை வழிகாட்ட, கூட்டம் அதன் பின்னே செல்லும். எந்த மாதத்தில் எந்த ஓடையில் நீர் இருக்கும், எந்தச் சரிவில் மூங்கில் தளிர்க்கும் என்னும் அறிவெல்லாம் அந்த மூத்தவளிடமிருந்தே இளையவற்றுக்குச் செல்கிறது. மூத்தவர்கள் ஒரே இரவில் மடிந்தால் குட்டிகள் இழப்பது பாலை மட்டுமன்று.

கடலிலும் இதே இயல்புடைய ஒரு ஜீவன் உண்டு. ஓர்க்கா என்பது அதன் பெயர். கொலைகாரத் திமிங்கிலம் என்று மனிதன் அதற்கு ஒரு பட்டமும் சூட்டியிருக்கிறான். உண்மையில் அது டால்பின் இனத்தில் மிகப் பெரியது. கருப்பும் வெள்ளையுமான மேனி. ஆண் விலங்கு பொதுவாக 20 முதல் 26 அடி வரை வளரும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வாழும் ஓர்க்காக்களிடையே, ஆண் பெண் இரண்டும் ஆயுள் முழுவதும் தாயின் கூட்டத்தை விட்டுப் பிரிவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்த ஓசைகள், வட்டார வழக்கு என்றே சொல்லத்தக்கவை, இருக்கின்றன. ஈனும் பருவம் முடிந்த பின்னும் பாட்டி ஓர்க்காக்கள் பல்லாண்டு வாழ்ந்து, மீன் கிடைக்காத காலங்களில் கூட்டத்தை முன்னின்று நடத்துகின்றன. நம் வீடுகளில் வயோதிகத் தாய்மார்கள் வகிக்கும் இடத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

இப்பேர்ப்பட்ட குடும்பத்தைக் கலைப்பதற்கு மனிதன் கையாண்ட முறை நிலத்திலும் நீரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நமக்கு அண்டை நாடான மைசூரில், காக்கனகோட்டைக் காட்டில் நடந்த கெட்டா என்னும் யானைப் பிடியைப் பற்றி மூத்த தலைமுறையினர் கேள்விப்பட்டிருப்பர். பறையொலியாலும் வெடியாலும் மிரட்டிக் கூட்டத்தையே அடைப்புக்குள் துரத்தி, வேண்டியவற்றைக் கயிற்றால் பிணைத்து இழுத்து வருவார்கள். அரசர்களும் வெளிநாட்டு விருந்தினர்களும் பரண்மீது அமர்ந்து அதை வேடிக்கை பார்த்ததுண்டு. 1971இல்தான் அங்கே கடைசிப் பிடி நடந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1970 ஆகஸ்டு 8ஆம் நாள், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பென் கோவ் என்னும் கடற்குடாவில் நடந்ததும் ஒரு கெட்டாதான். பறைக்குப் பதில் விரைவுப் படகுகளும் விமானமும் வெடிகளும். எண்பதுக்கும் மேற்பட்ட ஓர்க்காக்கள் வலைக்குள் வளைக்கப்பட்டன. கண்காட்சி நிலையங்களுக்குக் குட்டிகளே வேண்டும். ஏற்றிச் செல்வதும் எளிது, பழக்குவதும் எளிது. குட்டிகளைப் பிரித்து இழுத்தபோது வலைக்கு வெளியே விடப்பட்ட பெரியவை நீங்கிச் செல்லாமல் அங்கேயே நின்று அலறியதாக, அன்று அப்பணியில் இருந்தவர்களே பின்னாளில் கூறியிருக்கின்றனர். ஐந்து ஓர்க்காக்கள் வலையில் சிக்கி மூழ்கி இறந்தன. செய்தி வெளியே தெரியாதிருக்க, அவற்றின் வயிற்றைக் கீறிக் கல்லை நிரப்பிக் கடலில் அமிழ்த்தினார்கள். சில மாதங்களில் உடல்கள் கரை ஒதுங்கின. ஊரார் கொதித்தெழுந்தனர். 1976இல் அம்மாநிலத்தின் கடலில் ஓர்க்கா பிடிப்பது நின்றது.

அன்று பிடிபட்டவற்றுள் ஏறக்குறைய நான்கு வயதுடைய ஒரு பெண் குட்டியும் இருந்தது. டோகிடே என்று பெயரிட்டு மயாமி நகரத்தின் கடல்விலங்குக் காட்சியகத்துக்கு விற்றார்கள். மேடைக்காக லோலிடா என்ற பெயர் ஏற்பட்டது. அவள் வாழ்ந்த தொட்டி 80 அடி நீளம், 35 அடி அகலம். அவள் உடல் நீளம் 20 அடி. தொட்டியின் மிக ஆழமான இடமும் 20 அடி. கடலில் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் நீந்தவல்ல இனம் அது. பல்லாயிரம் பிள்ளைகள் கைதட்டி மகிழ, குதித்தும் நீர் தெளித்தும் அவள் தந்த காட்சிக்குக் கூலி செத்த மீன்.

முதல் பத்தாண்டுகள் ஹியூகோ என்ற ஆண் ஓர்க்கா அவளுக்குத் துணையாக இருந்தது. அது தொட்டியின் சுவரில் தலையை மோதிக்கொள்ளும் வழக்கம் உடையது. 1980 மார்ச்சில் மாண்டது. அதன்பின் நாற்பத்து மூன்று ஆண்டுகள் தன் இனத்தின் முகம் ஒன்றைக்கூட அவள் காணவில்லை. வேறு வகைச் சிறு டால்பின்கள் சில உடனிருந்தன. சிறைக்கைதிக்கும் உறவினரைக் காண அனுமதி உண்டே!

2022இல் அவளது காட்சிகள் நிறுத்தப்பட்டன. 2023 மார்ச் இறுதியில் அவளைப் பிறந்த கடலுக்கே திருப்பி அனுப்பும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கரையோரத்தில் வலையடைப்பு அமைத்து மெல்ல மெல்லப் பழக்குவதாக ஏற்பாடு. ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கையிலேயே ஆகஸ்டு 18ஆம் நாள் அவள் இறந்தாள். அவளுடைய தாயாக இருக்கலாம் என ஆராய்ச்சியாளர் கருதும் முதிய ஓர்க்கா அந்நாளில் வடக்குக் கடலில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தது. அவளை உறவாகக் கருதிய லம்மி பழங்குடியினர், அஸ்தியைப் பெற்று அக்கடலிலேயே கரைத்தனர்.

பிடித்த விலங்கைத் திரும்ப விட்டால் பிழைக்குமா என்னும் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. 1993இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தால் புகழ்பெற்ற கெய்கோ என்ற ஓர்க்காவை 1998இல் ஐஸ்லாந்துக் கடலுக்குக் கொண்டு சென்றனர். பெருங்கடலைக் கடந்து நார்வே வரை அது தானே நீந்தியது. ஆயினும் காட்டு ஓர்க்காக்களின் கூட்டத்தில் நிலையாகச் சேரவில்லை. 2003இல் நிமோனியாவால் மடிந்தது. நெடுங்காலம் மனிதரிடம் வளர்ந்தது மனிதரையே தேடியதில் வியப்பில்லை.

நம் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். மாரண்டஹள்ளித் துயரத்துக்கு ஒரு மாதம் முன்னர், 2023 பிப்ரவரியில், பாலக்கோடு பகுதியில் பயிரை மேய்ந்த மக்னா ஒன்றை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, மயக்க ஊசி செலுத்திப் பிடித்து ஆனைமலைக் காட்டில் விட்டனர். சில நாட்களில் அது மலையிறங்கி, பொள்ளாச்சியைத் தாண்டி, கோவை நகரின் விளிம்பு வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கு நோக்கி நடந்தது. பேரூரில் மீண்டும் பிடித்தார்கள். தருமபுரியை நினைத்துத்தான் நடந்தது என்று சாதிக்க நம்மால் இயலாது. விட்ட இடத்தில் நிற்க அதற்கு மனமில்லை என்பது மட்டும் தெரிகிறது. அதைப் பிடிக்கத் துணைபுரிந்த கும்கியின் பெயர் சின்னத்தம்பி. அந்தச் சின்னத்தம்பியும் 2019இல் கோவைத் தடாகத்தில் பிடிபட்டு, ஆனைமலையில் விடப்பட்டு, ஊர்ப்பக்கம் திரும்பி நடந்து, மறுபடி பிடிபட்ட காட்டு யானையே!

அதே 2023 மார்ச்சில் பென்னாகரம் பகுதியில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு குட்டியைத் தெப்பக்காடு முகாமுக்கு அனுப்பினர். ஆஸ்கர் விருது பெற்ற ஆவணப்படத்தால் உலகறிந்த பொம்மனும் பெள்ளியும் பரிவோடு பராமரித்தனர். கொடுத்த பாலை வயிறு ஏற்கவில்லை. மாத இறுதியில் வயிற்றுப்போக்கால் இறந்தது. அன்புக்குப் பஞ்சமில்லாத இடத்திலும் தாயின் பாலுக்கு மாற்று இல்லை. மாரண்டஹள்ளிக் குட்டிகளை முகாமில் அடைக்காமல் காட்டிலேயே விட்டு, வேறு கூட்டத்தோடு சேருமா என்று வனத்துறையினர் காவலிருந்து பார்த்ததற்குக் காரணம் இதிலிருந்து புரியும்.

ஒரு விஷயத்தில் நம் நாடு முந்திக்கொண்டது. 1990களின் இறுதியில் சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்காகக் கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களிலேயே மடிந்தன. பின்னர் வேறு சில நகரங்களிலும் இத்தகைய காட்சியகங்களுக்குத் திட்டமிட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 2013 மே மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், டால்பின் காட்சியகம் எதற்கும் அனுமதி வழங்கலாகாது என மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. துபாய்க்கு விடுமுறையில் செல்லும் நம் குடும்பங்கள் அங்கே டால்பின் ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்கும்போது, பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லலாம்.

மாரண்டஹள்ளி விவசாயிக்குச் சொல்ல வேறொன்று உண்டு. சூரிய ஒளியால் இயங்கி, விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் வேலி யானையைக் கொல்லாது, விரட்டும். வீட்டு இணைப்பிலிருந்தோ பம்புசெட்டிலிருந்தோ நேராக இழுக்கும் கம்பிதான் கொல்கிறது. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் வீட்டுப் பிள்ளையையும் அது அடையாளம் காணாது. மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு 2023இல் கொண்டுவந்திருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கோரி வனச்சரக அலுவலகத்தில் மனுச் செய்யவும் வழி இருக்கிறது. கிடைக்கும் தொகை நஷ்டத்துக்கு ஈடாவதில்லை, கிடைக்கவும் தாமதமாகிறது என்று விவசாயிகள் கூறுவது நியாயமான குறை. வேலிச் சட்டத்தில் காட்டும் கண்டிப்பை அதிகாரிகள் இழப்பீட்டுக் கோப்பிலும் காட்ட வேண்டும்.