கடைக்குட்டியின் மூன்று தட்டுகள்

வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவர்கள் இந்த முறை கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். உங்கள் சங்கதிதான்.

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகப் பட்டணத்தில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் ஜார்ஜ் ஹாரிசன். தகப்பனார் பஸ்ஸில் வேலை பார்த்தவர். நான்கு பிள்ளைகளில் ஜார்ஜ்தான் கடைசி. பின்னாளில் உலகத்தையே ஆட்டிவைத்த பீட்டில்ஸ் குழுவில் சேர்ந்தார். அங்கேயும் நால்வரில் அவரே இளையவர். பாவம், எங்கே போனாலும் கடைக்குட்டி!

அந்தக் குழுவில் பாட்டு எழுதும் உரிமை பெரும்பாலும் ஜான் லெனனுக்கும் பால் மெக்கார்ட்டினிக்கும்தான். ஜார்ஜுக்கு ஒரு தட்டில் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். "தம்பி, உனக்கு அப்புறம் பார்க்கலாம்" என்பதை நாமும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே? மனிதர் சும்மா இருக்கவில்லை. 1966இல் பம்பாய்க்குப் போய், ரவிசங்கரிடம் மாணவனாக அமர்ந்து சிதார் கற்றார். 1968 தொடக்கத்தில் அதே பம்பாயில் நம் நாட்டுக் கலைஞர்களை வைத்து ஒரு படத்துக்கு இசை பதிவு செய்தார். குழுவை விட்டுத் தனியாக வெளியிட்ட முதல் தட்டு அதுதான்.

1969 ஜனவரி 10ஆம் தேதி, ஒத்திகைக்கு நடுவில் ஜார்ஜ் எழுந்து வெளியே நடந்துவிட்டார். வீட்டுக்குப் போய் என்ன செய்தார் தெரியுமா? கோபத்தில் கிட்டாரை உடைக்கவில்லை. அன்றைக்கே ஒரு பாட்டு எழுதினார்! சில நாட்களில் சமாதானமாகித் திரும்பியும் வந்தார். ஆனால் 1970 ஏப்ரலில் குழு கலைந்த செய்தி ஊரறிய வெளிவந்துவிட்டது.

அடுத்த மாதமே ஜார்ஜ் பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார். ஒதுக்கப்பட்ட பாட்டுகள், கேட்பாரற்றுக் கிடந்த பாட்டுகள், நான்கு வருஷத்துப் பழையது ஒன்று, எல்லாம் மூட்டையாக இருந்தன. நடுவில் ஓர் இடி. மகனின் இசைப் பைத்தியத்துக்கு வீட்டில் இடம் கொடுத்த தாயார் ஜூலை மாதம் புற்றுநோயால் காலமானார். நோயாளித் தாயை ஒருபுறம் பார்த்துக்கொண்டே மறுபுறம் பாடுவது லேசான காரியமா? தாய்மார்கள் சொல்லுங்கள்.

நவம்பரில் வெளிவந்தது 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'. ஒரு தட்டல்ல, ஒரே பெட்டியில் மூன்று தட்டுகள்! மூன்றாவதில் நண்பர்கள் கூடி மனம்போல வாசித்ததுதான். அதை நான் அதிகம் கேட்பதில்லை. முதல் இரண்டும் பொக்கிஷம். 'மை ஸ்வீட் லார்ட்' என்ற பாட்டில் அல்லேலூயாவும் ஹரே கிருஷ்ணாவும் கலந்து ஒலிக்கும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பிடித்தது.

வம்பும் அந்தப் பாட்டால்தான் வந்தது. அதன் மெட்டு ஒரு பழைய பாட்டினுடையது என்று வழக்குப் போட்டார்கள். தெரிந்து எடுக்கவில்லை, ஆழ்மனத்தில் தங்கியிருந்தது வெளிப்பட்டுவிட்டது என்று 1976இல் நீதிபதி சொன்னார். ஆனாலும் தீர்ப்பு ஜார்ஜுக்கு எதிராகத்தான். என் மனசுக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெட்டியின் அட்டையைப் பாருங்கள். தம் வீட்டுப் புல்வெளியில் ஜார்ஜ் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் நான்கு குள்ளப் பொம்மைகள். அவை பீட்டில்ஸ் நால்வர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும். ஆனால் தட்டைச் சுழலவிட்டுக் காது கொடுத்தால் பல பாட்டுகளில் டிரம்ஸ் வாசிப்பது யார்? அதே குழுவின் ரிங்கோ ஸ்டார்! மறு வருஷம், 1971இல், ரிங்கோ தனியாக ஒரு பாட்டு வெளியிட்டார். அதைத் தயாரித்துக் கொடுத்தவர் நம் கடைக்குட்டி.