இலவசம் என்றால் எரிந்த மோட்டாருக்கு நியாயம் கேட்கக் கூடாதா?

 

நெல் பால் பிடிக்கிற நேரத்தில் மோட்டார் எரிந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழற்றி, வண்டி பிடித்து, காயில் கட்டுகிறவரிடம் கொடுத்து, திரும்பக் கொண்டுவருவதற்குள் வயல் வெடித்துவிடும். புகார் சொல்லப் போனால், "கன்டன்சர் போட்டு ஓட்டினீங்களா?" என்கிறார்கள். இல்லை என்றால், "சும்மா வர்ற கரண்டுதானே!" என்கிறார்கள்.

சும்மாவா வந்தது? யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லி 1970-இல் கோவைச் சீமையில் போராடிய விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-இல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரையே மறித்தார்கள். அப்புறம்தான் 1990-இல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது பிச்சை அல்ல. மோட்டாரை எரிக்கிற மின்சாரமாக இருந்தால் அது இலவசமும் அல்ல!

மோட்டார் ஏன் எரிகிறது? மெயினை ஆப் செய்துவிட்டு ஸ்டார்ட்டரைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் நோ வோல்ட் காயில் இரண்டு லைனிலிருந்து மட்டும் 415 வோல்ட் எடுத்துக்கொண்டு காண்டாக்டைப் பிடித்து வைத்திருக்கிறது. மூன்றாவது லைனில் பீஸ் போனால் அதற்குத் தெரியாது. மூன்று வாசல் வீட்டுக்கு இரண்டு வாசலில் மட்டும் காவல்! மோட்டார் உறுமிக்கொண்டே ஓடும். மிச்சமுள்ள இரண்டு லைனில் கரண்ட் சுமார் 1.7 மடங்கு ஏறும். ஓவர்லோடு ரிலேயைச் சரியாக வைத்திருந்தால் சற்று நேரத்தில் விழும். "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று நாமே அதை ஏற்றி வைத்திருந்தால் காயில் கருகிய பிறகுதான் தெரியும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் போட்டிருக்கிறோம் என்பவர்களும் கவனிக்கவும்: ஓடுகிற மோட்டார் போன லைனிலும் கொஞ்சம் வோல்டேஜைத் தானே உண்டாக்கிவிடும். வோல்டேஜை மட்டும் பார்க்கிற மலிவுப் பெட்டி அதில் ஏமாந்துபோகும். மூன்று லைன் கரண்டையும் பார்க்கிற ரிலேதான் காப்பாற்றும்.

இது லைனே போன கதை. லைன் மூன்றும் இருந்தும் எரிகிற கதைதான் நம் பகுதியில் அதிகம். வெளிவட்டச் சாலை வந்தது, வயலெல்லாம் மனையானது. வயலுக்கென்று வைத்த டிரான்ஸ்பார்மரிலேயே புது வீடுகளுக்கும் இழுத்தார்கள். கைக்குக் கிட்டிய லைனில் வரிசையாகக் கட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஏசியும் மிக்சியும் அந்த ஒரே லைனை இழுக்கும்போது மூன்று லைனும் சமமாக இருக்குமா?

430, 412, 394 என்று மூன்று ஜோடியிலும் வோல்டேஜ் வருவதாக வைத்துக்கொள்வோம். 415-க்கு மேலும் கீழும் 6% வரம்பு என்றால் 390 முதல் 440 வரை, எல்லாம் வரம்புக்குள்தான். அதிகாரி மீட்டர் வைத்துப் பார்த்து "சரியா இருக்கே" என்று போய்விடுவார். ஆனால் சராசரி 412. அதிலிருந்து விலகல் 18, அதாவது 4.4%. இந்தச் சதவீதத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கினால் மோட்டாரின் உள்சூடு எத்தனை சதவீதம் கூடும் என்று தோராயமாகத் தெரியும். இங்கே சுமார் 38%! பத்து டிகிரி சூடு கூடினால் காயிலின் ஆயுள் பாதி. அளவு சரி, சமன் தவறு. பட்டறையில் லேத் ஓட்டுகிற தோழருக்கும் இதே கதிதான்.

கன்டன்சர் விஷயத்தையும் மறைக்காமல் பேசுவோம். பகலில் 6 மணி, இரவில் 3 மணி மட்டும் மும்முனை, மற்ற நேரம் இருமுனை என்று பல வருடம் ஓட்டினார்கள். பயிர் காயும்போது நம்மவர்கள் கன்டன்சர் போட்டார்கள், பிரிவென்டரை பைபாஸ் செய்தார்கள். அது தப்புதான். பக்கத்துக் கிணற்றுக்காரர் மோட்டாரையும் அது கெடுக்கும். ஆனால் அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது யார்? 2021 பிப்ரவரியில் 24 மணி நேர மும்முனை என்று அறிவித்தார்கள். மும்முனை என்றால் மூன்று கம்பி மட்டும் போதுமா?

டிரான்ஸ்பார்மருக்கு டிரான்ஸ்பார்மர், பம்ப்செட் ஓடுகிற நேரத்தில் மூன்று லைன் லோடையும் அளந்து எழுதிவை என்கிறோம். வீட்டு இணைப்புகளை மூன்று லைனுக்கும் பிரித்துக் கட்டு, மனைப்பிரிவுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வை, சமன் கெட்டு எரிந்த மோட்டாருக்கு இழப்பீடு கொடு என்கிறோம். மானியத்தில் மோட்டார் கொடுக்கும்போது நல்ல ரிலேயும் சேர்த்துக் கொடு என்கிறோம்.

சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் போடுங்கள். விவரம் தெரிந்த எலக்ட்ரீசியனை வைத்து, மோட்டார் ஓடும்போது மூன்று ஜோடி வோல்டேஜையும் காலை, மாலை எழுதுங்கள். தேதியும் நேரமும் விடக் கூடாது. காயில் கட்டிய ரசீதை அதே நோட்டில் ஒட்டி, மனு கொடுக்கிற அன்று கையோடு கொண்டு வாருங்கள்!