முத்தும் உப்பும் கற்பிக்கும் வேதியியல்

கொற்கை முத்தின் பெருமையைப் பாடிய தமிழில், அம்முத்தின் வேதியியலைப் பேச இயலாதோ? பட்டப்படிப்பில் வேதியியல் பயிலும் நம் மாணவர் பலர், கரைதிறன் பெருக்கம், வேதிச் சமநிலை, படிக அமைப்பு ஆகியவற்றின் இலக்கணங்களை ஆங்கிலத்தில் மனனம் செய்து தேர்வில் ஒப்புவிக்கின்றனர். அவை தம் ஊர்க் கரையிலேயே நாள்தோறும் நிகழ்வன என்பதை அறியார். இக்குறை மாணவருடையதன்று, கற்பிக்கும் முறையினுடையது என்பதே நம் கருத்து.

தூத்துக்குடி உப்பளத்தை நோக்குவோம். போமே அளவில் ஏறத்தாழ 3 டிகிரியாக உள்ள கடல்நீர், வெயிலில் வற்ற வற்றச் செறிவு மிகுகிறது. முதலில் கால்சியம் கார்பனேட்டும் பின்னர் ஜிப்சமும் படிகின்றன. ஏறத்தாழ 25 டிகிரியில் உப்பு விளையத் தொடங்குகிறது. 29 டிகிரியை நெருங்குங்கால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிடுவர். இல்லையேல் மெக்னீசிய உப்புகள் கலந்து உப்புக் கசக்கும். நூல்கள் பின்னப் படிகமாக்கல் எனக் கூறுவது இதனையே. அளத்துத் தொழிலாளி இதனைக் கையறிவால் அறிவார். மாணவன் சமன்பாட்டால் அறிவான். இவ்விரண்டையும் இணைப்பது ஆசிரியர் கடன்.

இனி முத்துக்கு வருவோம். சுண்ணாம்புக்கல், சிப்பி, முத்து ஆகிய மூன்றும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. அச்சேர்மம் கால்சைட், அரகோனைட் எனும் படிக வடிவங்களைக் கொள்ளும். முத்துச்சிப்பியின் புற அடுக்கு கால்சைட். ஒளிரும் உள்ளடுக்கும் முத்தும் அரகோனைட். இயல்பான வெப்ப, அழுத்த நிலையில் கால்சைட்டே நிலைப்பு மிக்கது. எனின், முத்து ஏன் கால்சைட்டாக மாறிவிடவில்லை? அம்மாற்றத்திற்கு ஓர் ஆற்றல் தடையைக் கடக்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் அது மிக மெதுவாகவே நிகழும். மாறுவதற்கு இடமுண்டு என்பது வெப்ப இயக்கவியல். எத்துணை விரைவில் மாறும் என்பது வினைவேகவியல். மாணவர் பெரிதும் குழம்பும் இவ்வேறுபாட்டை விளக்க ஒரு முத்து போதும்.

இது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தியன்று. இக்கடலில் 1961-ஆம் ஆண்டுடன் பெரும் முத்துக்குளிப்பு நின்றது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிப் பகுதியில் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டனர். இன்றோ கடல்நீரின் தன்மையே மாறி வருகிறது. காற்றில் மிகும் கரியமில வாயு கடலில் கரைந்து அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. ஓடு கட்டுதற்கு வேண்டிய கார்பனேட் அயனிகள் குறைகின்றன. தொழிற்புரட்சிக்குப் பின் உலகக் கடற்பரப்பின் சராசரி பிஎச் ஏறத்தாழ 8.2-இலிருந்து 8.1 ஆகியுள்ளது. இம்மாற்றம் சிறிதெனக் கருதலாகாது. பிஎச் மடக்கை அளவாதலின், ஹைட்ரஜன் அயனிச் செறிவு கால் பங்களவு கூடிவிட்டது என்பதே இதன் பொருள். அரகோனைட்டோ கால்சைட்டினும் எளிதிற் கரைவது. கரைதிறன் பெருக்கத்தைப் பொருளுணர்ந்து கற்றவனே இவ்வாபத்தைக் கரையோர மக்களுக்கு அவர்தம் மொழியில் எடுத்துரைக்க வல்லான்.

தமிழுக்கு இவ்வாற்றல் உண்டோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். 'அல்கலி' என்பது அரபுச் சொல். தாவரச் சாம்பலைக் குறித்த அச்சொல், இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளை அடைந்தது. அறிவு எம்மொழிக்கும் தனியுடைமையன்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீன் 1875-இலேயே 'கெமிஸ்தம்' எனும் வேதியியல் நூலைத் தமிழில் தந்தார்.

ஆங்கிலத்தைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழில் விளங்கிக்கொள்ள வழி செய்க என்றே வேண்டுகின்றோம். தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் கூடிக் கலைச்சொற் கையேடு ஒன்றை உருவாக்கலாம். உப்பளம் உடைய பெரியோர், செய்முறை வகுப்புக்குத் தம் பாத்திகளைத் திறந்துவிடலாம். பாத்திதோறும் நீரெடுத்து அளந்து, படிந்ததைச் சோதித்துப் பார்க்கும் மாணவனுக்குக் கரைதிறன் என்பது வெறும் மனப்பாடமாக இராது. இப்பணியை வரும் கல்வியாண்டிலேனும் தொடங்குவோமாக.