அம்மணம்: ஒரு வசவின் பூர்வீகம்

ஆனைமலையில் ஆற்றில் குளித்துவிட்டுத் துணியில்லாமல் ஓடும் எங்களைப் பார்த்து ஆத்தா கத்தும்: "அம்மணமா ஓடாதீங்கடா, மானம் போகுது!" அந்தச் சொல்லுக்குள் ஒரு துறவி இருக்கிறார் என்பது ஆய்வுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பாலியிலும் பிராகிருதத்திலும் 'சமண'. சமஸ்கிருதத்தில் 'சிரமண'. வேர்ச்சொல்லுக்குப் பாடுபடுதல் என்று பொருள். நாம் அன்றாடம் சொல்லும் 'சிரமம்' அதே வேரில் முளைத்ததுதான். பிறந்த குலத்தால் அல்ல, தன் பாட்டால் உயர்பவர் சமணர். பௌத்தர், ஜைனர், ஆசீவகர் எல்லோருக்கும் அது பொதுப்பெயர். பாலி நூல்களில் புத்தரே 'சமண கோதமர்'தான். ஜைனத்துக்கு மட்டும் என்று அதைச் சுருக்கிக்கொண்டது நாம்.

சகரம் அகரத்தோடு சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது என்கிறது தொல்காப்பியம். தமிழின் பழைய வடிவம் 'அமணர்' என்றிருப்பது அதனோடு பொருந்துகிறது. சான்று கொங்கு மண்ணிலேயே இருக்கிறது. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், சேர இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த 'அமண்ண'னுக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்ததைத் தமிழிக் கல்வெட்டு சொல்கிறது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் அரச குடும்பம் மரியாதையோடு கல்லில் வெட்டிய சொல் அது.

அதுதான் இன்று நமக்கு அம்மணம். திகம்பரத் துறவிகள் ஆடை துறந்தவர்கள், உண்மைதான். ஆனால் ஒரு மரபின் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு உடம்பை மட்டும் மிச்சம் வைத்தது யார்? தேவாரம் அமணர்களின் கோலத்தைத் திரும்பத் திரும்ப எள்ளுகிறது. அதே சைவம் ஆடையில்லாத பிச்சாடனரைச் சிலையாக வடித்துக் கும்பிடுகிறது! இன்னொன்றையும் கவனியுங்கள். பௌத்தத்தின் உச்சநிலை 'நிப்பான', அதாவது நிர்வாணம். தீ அணைதல் என்று பொருள். தமிழில் அதுவும் துணியில்லாமல் நிற்பதுதான். இரண்டு பெரிய சொற்களுக்கும் ஒரே கதி நேர்ந்ததைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சாதி எதிர்ப்பு வெள்ளைக்காரன் கொடுத்த சரக்கு என்று சமீபத்தில் ஒரு கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் சிரித்தார். தீராப் பகைக்கு இலக்கண ஆசிரியர் பதஞ்சலி காட்டும் உதாரணமே சிரமணரும் பிராமணரும்தான். பிறப்பா செயலா என்ற வழக்கு பாலி சுத்தநிபாதத்திலேயே நடக்கிறது. அதற்காகப் பொற்காலம் ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். ஜைன சமூகங்களுக்குள்ளும் பின்னாளில் சாதி புகுந்தது. ஆனால் வழக்கு பழையது, அதைத் தொடுத்தவர்கள் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். அந்தப் பேராசிரியரைப் புகளூருக்கு பஸ் ஏற்றிவிட நான் தயார். டிக்கெட் என் செலவு.